அறிக்கையின் சொற்களும் அவற்றின் பின்னே நிற்கும் பெண்களும்

சில மாதங்களுக்கு முன் எங்கள் நண்பர் ஒருவரின் சித்தி, நெகிழி உறையொன்றில் இரண்டு தாள்களை வைத்துக்கொண்டு எங்களைத் தேடி வந்தார். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்தைச் சேர்ந்தவர். ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மற்றதை எழுதலாம் என்றார். நெடுநாளாக இருந்த வெள்ளைப்படுதலுக்காக ஒரு மருத்துவமனைக்குச் சென்றிருக்கிறார். கருப்பைவாயிலிருந்து சிறு சதைத் துணுக்கை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதன் நோய்க்கூற்றியல் அறிக்கைதான் அந்தத் தாள்கள். முழுவதும் ஆங்கிலம்.

"கர்ப்பப்பை வாயில புண்ணு இருக்கு, எடுத்துடறது நல்லதுன்னு சொன்னாங்க தம்பி. இதுல புத்துன்னு போட்டிருக்கா இல்லையா, அத மட்டும் படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

எங்களில் ஒருவரும் மருத்துவர் அல்லர். கவிதைகளையும் கல்வெட்டுகளையும் வாசித்துப் பழகியவர்களுக்கு அந்த இரண்டு தாள்கள் எளிதில் வசப்படவில்லை. அறிமுகமான மருத்துவர் ஒருவரின் துணையோடு சொல் சொல்லாகப் பிரித்துப் படித்தோம். சித்திக்கு உரிய பதில் அன்றே கிடைத்துவிட்டது. ஆனால் அந்தச் சொற்கள் எங்களை விடவில்லை. அவை எங்கிருந்து வந்தன, யார் வைத்த பெயர்கள், அவற்றின் பொருளை மருத்துவம் எப்படி அறிந்துகொண்டது என்று தேடத் தொடங்கினோம். தேடியதில் கண்ட வரலாற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

*

முதலில் 'புண்' என்ற சொல். கருப்பைவாயில் இரண்டு வகைத் தோற்படலங்கள் சந்திக்கின்றன. வெளிப்புறத்தை மூடியிருப்பது பல அடுக்குகள் கொண்ட செதிற்படலம். உட்குழாயை மூடியிருப்பது ஒற்றை அடுக்காலான, சிவந்து தெரியும் தூண்வடிவ உயிரணுப் படலம். இரண்டுக்கும் இடையிலான எல்லை நிலையானதன்று. பூப்பெய்தும் காலத்திலும் கருவுறும் காலத்திலும் அது வெளிநோக்கி நகர்கிறது. வயது ஏற ஏற உள்ளே பின்வாங்குகிறது.

எங்கள் பகுதியினருக்கு நகரும் எல்லை புதிய செய்தியல்ல. சாத்தனூர்க் கல்மரத்தைப் பார்த்தவர்கள், அரியலூரின் சுண்ணாம்புக்கல் குழிகளில் கடற்சிப்பிகளைப் பொறுக்கியவர்கள், இங்கே ஒரு காலத்தில் கடல் வந்து போனதை அறிவார்கள். கடல் வந்துபோன நிலத்தில் அடுக்குகள் மாறிக் கிடப்பது போல, எல்லை நகர்ந்துபோன இடத்தில் ஒருவகைப் படலம் மற்றொரு வகையாக மாறுகிறது. அறிக்கையில் 'மெட்டாபிளாசியா' என்று எழுதப்படுவது இம்மாற்றத்தையே. இது நோயன்று, உடலின் இயல்பு. ஆயினும் புற்று தோன்றுமானால் பெரும்பாலும் இந்த உருமாற்ற மண்டலத்தில்தான் தோன்றும் என்பதால் நோய்க்கூற்றியலாளர் இதனைக் கவனித்து எழுதுகிறார்.

உட்படலம் வெளியே வந்து சிவப்பாகத் தெரிவதை முற்காலத்து மருத்துவர்கள் தோல் அரிக்கப்பட்டதாக எண்ணி 'அரிப்பு' என்ற பொருளுடைய ஆங்கிலச் சொல்லால் அழைத்தனர். நுண்ணோக்கியில் பார்த்தால் அங்கே எதுவும் அரிக்கப்பட்டிருப்பதில்லை. பாடநூல்கள் பெயரை மாற்றிக்கொண்டுவிட்டன. பேச்சுவழக்கில் மட்டும் அது 'புண்' ஆகவே தங்கிவிட்டது. புண் என்றால் ஆற வேண்டும். ஆறாவிட்டால் எடுத்துவிட வேண்டும் என்பது நம் மனத்தின் தர்க்கம். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் தேவையின்றிக் கருப்பைகள் அகற்றப்பட்டது குறித்த வழக்கு 2013இல் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. இத்தகைய அறுவைகளைக் கண்காணிக்கும் வழிகாட்டு நெறிகளை மூன்று மாதங்களுக்குள் நடைமுறைப்படுத்துமாறு மாநிலங்களுக்கு 2023இல் ஆணையிடப்பட்டது. தவறாக வைக்கப்பட்ட ஒரு பெயர் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை இவ்வழக்கின் பின்னணியில் நினைத்துப் பார்க்கலாம்.

தவறாகப் பெயர் பெற்றவை வேறும் உண்டு. அறிக்கைகளில் அடிக்கடி தென்படும் 'நபோத்தியன் சிஸ்ட்', சளிச்சுரப்பியின் வாய் அடைபட்டு உண்டாகும் தீங்கற்ற சிறு நீர்க்கட்டி. லைப்சிக் நகரின் உடற்கூற்றியலாளர் மார்ட்டின் நபோத் 1707இல் இவற்றைப் பெண்ணின் முட்டைகள் என்று கருதி எழுதினார். அவர் கருத்து பொய்த்தது, பெயர் நிலைத்தது.

*

புற்றைக் குறிக்கும் சொற்களின் வரலாறு இதைவிடச் சிக்கலானது.

1927இல் புகாரெஸ்டில் ஆரெல் பாபெஷ் என்பவரும், 1928இல் அமெரிக்காவில் கிரேக்கரான ஜார்ஜ் பாபனிகோலாவும், கருப்பைவாயிலிருந்து உதிரும் உயிரணுக்களைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்தே புற்றைக் கண்டறியலாம் என்று தனித்தனியே அறிவித்தனர். பாபனிகோலாவின் சொல்லை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹெர்பர்ட் டிரவுட்டுடன் சேர்ந்து 1941இல் கட்டுரையும் 1943இல் நூலும் வெளியிட்ட பிறகே 'பாப் ஸ்மியர்' உலகெங்கும் பரவியது. அவ்வாய்வுக்கு ஆண்டுக்கணக்கில் தம் உடலிலிருந்தே மாதிரிகள் தந்தவர் அவருடைய மனைவி ஆண்ட்ரோமாகி. சோதனைக்குக் கணவரின் பெயர் சூட்டப்பட்டது. ஆனால் இந்த வரலாற்றில், தெரிந்து, விரும்பித் தம் உடலைத் தந்த பெண் என்று அவரையாவது சொல்ல முடிகிறது. பின்னால் வருபவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல இயலாது.

கருப்பைவாயைப் பெரிதாக்கிக் காட்டும் கோல்போஸ்கோப் கருவியை 1925 அளவில் ஹாம்பர்க்கில் உருவாக்கியவர் ஹான்ஸ் ஹின்செல்மன். கருப்பைவாயில் அசிட்டிக் அமிலத்தைத் தடவினால் மாறுதலடைந்த பகுதி வெண்மையாகத் தெரியும் என்பதும் அவர் வழியாக வந்த அறிவே. பின்னாளில் அவுஷ்விட்ஸ் வதைமுகாமின் பத்தாம் எண் கட்டடத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களின் கருப்பைவாய்த் திசுக்கள் அவரிடம் ஆய்வுக்கு அனுப்பப்பட்டன. கருவி இன்று உலகெங்கும் உயிர் காக்கிறது. அதன் வரலாற்றில் இந்தப் பக்கமும் உண்டு.

1932இல் ஆல்பர்ட் பிராடர்ஸ், அடித்தளச் சவ்வைத் தாண்டாமல் தோன்றிய இடத்திலேயே நிற்கும் புற்றுக்குத் தனிப்பெயர் வைத்தார். 1953இல் ஜேம்ஸ் ரீகன், அதற்கும் முந்தைய, அவ்வளவு முற்றாத மாறுதல்களை 'டிஸ்பிளாசியா' என்றார். இதனால் மருத்துவர்கள் இரண்டு பெட்டிகளை வைத்துக்கொண்டனர். ஒன்றில் விழுந்தால் கருப்பை போகும்; மற்றொன்றில் விழுந்தால் ஒன்றும் செய்யமாட்டார்கள். 1967இல் ரால்ஃப் ரிச்சர்ட், இவை இரண்டு நோய்களல்ல, ஒரே தொடரின் படிகள் என்று வாதிட்டுச் 'சி.ஐ.என்.' என்ற பெயரை முன்வைத்தார். மாறுதல் படலத்தின் கீழ் மூன்றிலொரு பங்கில் நின்றால் 1, மூன்றில் இரண்டு பங்கு வரை ஏறினால் 2, அதற்கும் மேலே சென்றால் 3. 1988இல் வகுக்கப்பட்ட பெதெஸ்தா முறை, ஸ்மியர் அறிக்கைகளில் இதனைத் தாழ்நிலை, உயர்நிலை என்ற இரு வகைகளுக்குள் கொண்டுவந்தது.

*

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழ வேண்டும். ஒரு படியில் நிற்கும் மாறுதல் அடுத்த படிக்கு ஏறுமா, தானே இறங்கிவிடுமா என்பது மருத்துவர்களுக்கு எப்படித் தெரிந்தது? இறங்குவதும் ஏறுவதும் தெரிய வேண்டுமானால் யாரோ சிலரைச் சிகிச்சை இன்றிக் காத்திருக்க வைத்துப் பார்த்திருக்க வேண்டும். பார்த்திருக்கிறார்கள்.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் நேஷனல் விமன்ஸ் மருத்துவமனையில் 1966 முதல் ஹெர்பர்ட் கிரீன் என்ற பேராசிரியர், தோன்றிய இடத்தில் நிற்கும் புற்று பரவும் புற்றாக மாறாது என்று தாம் நம்பியதை நிறுவும் பொருட்டு, பல பெண்களுக்கு முழுமையான சிகிச்சை அளிக்காமல் கண்காணித்து வந்தார். தாங்கள் ஓர் ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டிருப்பது அப்பெண்களுக்குத் தெரியாது. அம்மருத்துவமனையின் நோய்க்கூற்றியலாளர் மக்லீனும், கோல்போஸ்கோப் நிபுணர் மக்கிண்டோவும் எச்சரித்துக்கொண்டே இருந்தனர். அவர்கள் 1984இல் மேலும் இருவருடன் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையும், 1987இல் சாண்ட்ரா கோனி, ஃபிலிடா பங்கிள் என்ற இரு பெண்கள் ஓர் இதழில் எழுதிய கட்டுரையும் உண்மையை வெளிக்கொணர்ந்தன. நீதிபதி சில்வியா கார்ட்ரைட்டின் விசாரணை அறிக்கை 1988இல் வெளிவந்தது. அப்பெண்களின் பதிவேடுகளை மீண்டும் ஆராய்ந்து 2008இல் வெளியான கட்டுரையின்படி, போதிய சிகிச்சை பெறாதவர்களில் ஏறத்தாழ 31 சதவீதத்தினருக்கு 30 ஆண்டுகளுக்குள் பரவும் புற்று வந்தது. உரிய சிகிச்சை பெற்றவர்களில் அது 1 சதவீதத்துக்கும் குறைவு. சி.ஐ.என். 3ஐ விட்டுவைத்தால் பத்தில் மூவருக்குப் புற்று வரும் என்று இன்று மருத்துவர்கள் சொல்லும் கணக்கு, தாங்கள் எண்ணப்படுவதை அறியாத பெண்களிடமிருந்து கிடைத்தது.

இது எங்கோ நடந்தது என்று நாம் ஆறுதல் கொள்ள வழியில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் கீழ் தில்லியில் இயங்கிய நிறுவனம் ஒன்று 1976 முதல் 1988 வரை டிஸ்பிளாசியா இருந்த 1,158 பெண்களைச் சிகிச்சையளிக்காமல் பின்தொடர்ந்தது. முடிவில் 71 பேருக்குப் புற்று உருவாகியிருந்தது. அவர்களுள் 9 பேருக்கு அது ஊடுருவிப் பரவியிருந்தது. 1997இல் செய்தி வெளியானபோது, வாய்மொழியாக ஒப்புதல் பெற்றதாகச் சொல்லப்பட்டது. பெண்கள் பலர் எழுத்தறிவற்றவர்கள் என்பது காரணமாகக் காட்டப்பட்டது. மனிதர்கள் மீதான ஆய்வுகளுக்கு அறநெறி அறிக்கையொன்றை அதே கவுன்சில் 1980லேயே வெளியிட்டிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய கடமை கூடுகிறதே ஒழியக் குறைவதில்லை என்றே நாங்கள் கருதுகிறோம்.

*

இனி நம் மாநிலம். திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கை என்ற சிற்றூர், உலக மருத்துவ இதழ்களில் இடம்பெற்ற ஊர். பாப் ஸ்மியருக்கு ஆய்வுக்கூடமும் பயிற்சி பெற்ற கண்களும் வேண்டும். சிற்றூர்களில் இரண்டும் இல்லை. அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் காத்திருந்து, வெண்மை தோன்றுகிறதா என்று வெறுங்கண்ணால் ஒரு செவிலியர் பார்த்தால் போதுமா? போதுமென்றால் எத்தனை உயிர் பிழைக்கும்? இதனை அறிய, பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையைச் சேர்ந்த மருத்துவர் சங்கரநாராயணனும் அம்பிளிக்கை மருத்துவமனையினரும் 2000ஆம் ஆண்டு ஆய்வொன்றைத் தொடங்கினர். 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்கள். 57 ஊர்த் தொகுதிகளில் 49,311 பேருக்குப் பரிசோதனை வாய்ப்பளிக்கப்பட்டது. 31,343 பேர் வந்தனர். வேறு 57 தொகுதிகளில் 30,958 பேர் ஒப்பீட்டுக்காக, வழக்கமான மருத்துவ வசதியோடு மட்டும் விடப்பட்டனர். 2007இல் முடிவு வெளியானது. பரிசோதனை நடந்த ஊர்களில் புற்று 25 சதவீதமும் அதனால் நேரும் இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன.

இச்சோதனை உயிர் காக்கும் என்பதற்கு உலகுக்குக் கிடைத்த முதன்மையான சான்றுகளுள் ஒன்று நம் கிராமத்துப் பெண்கள் தந்தது. ஆனால் இங்கும் அதே கேள்வி தொடர்ந்தது. திண்டுக்கல், மும்பை, உஸ்மானாபாத் ஆகிய மூன்று இந்திய ஆய்வுகளிலும் பரிசோதனை அளிக்கப்படாத ஒப்பீட்டுக் குழுக்களில் மொத்தம் 1,38,624 பெண்கள் இருந்தனர் என்றும், அவர்களில் குறைந்தது 254 பேர் இந்நோயால் இறந்தனர் என்றும் அமெரிக்க நோய்க்கூற்றியலாளர் எரிக் சூபா 2014இல் எழுதினார். பாப் ஸ்மியர் பயன் தரும் என்று முன்பே தெரிந்திருக்க, ஒரு குழுவை ஏன் வெறுமனே விட வேண்டும் என்பது அவர் வாதம். அன்று இந்தியக் கிராமங்களில் எந்தப் பரிசோதனையும் இல்லாததே வழக்கமான நிலை; ஒப்பீடு இல்லாமல் அரசை இசைய வைக்க முடியாது என்பது ஆய்வாளர்களின் மறுமொழி. இரு தரப்பையும் படித்த பின்னும் எங்களால் எளிதில் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. ஆய்வு நன்மை செய்தது என்பதும், அதற்குரிய விலையைக் கொடுத்தவர்கள் அந்த நன்மையைப் பெறவில்லை என்பதும் ஒருசேர உண்மை.

அந்த நன்மை நம் பக்கம் வந்த வழி தெளிவானது. 2007இல் தேனியிலும், கொள்ளிடத்துக்கு அக்கரையிலுள்ள தஞ்சாவூரிலும் அரசு இம்முறையை முன்னோடியாகத் தொடங்கியது. பின்னர் மாநிலமெங்கும் விரிவாக்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்று 30 வயது கடந்த பெண்ணுக்குக் கட்டணமின்றிச் செய்யப்படும் சோதனை இதுவே. 1995இல் திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் பிரிந்து, பின் 2007இல் அரியலூர் தனி மாவட்டமாக நிலைபெற்ற வரையிலும் பெரிய மருத்துவம் என்றால் திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் பேருந்து ஏறிய மக்கள் நாம். 2022இல் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. தொலைவு குறைந்திருக்கிறது. எனினும் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையேனும் இச்சோதனை செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதமே. நாட்டின் சராசரி 1.9 என்பதால் நாம் பெருமை கொள்ளலாம். பத்தில் ஒன்பது பேர் வரவில்லை என்பதால் வெட்கமும் கொள்ளலாம். இந்தியாவில் இந்நோயால் ஆண்டுக்கு ஏறத்தாழ 80,000 பெண்கள் இறப்பதாக 2022ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீடு கூறுகிறது.

நோயின் காரணம் மனித பாப்பிலோமா வைரஸ் என்பதை 1983, 84 ஆண்டுகளில் காட்டிய ஹரால்ட் சூர் ஹௌசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். அவர் குழு கண்ட 18ஆம் வகை வைரஸ், 1951இல் ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து அவர் அறியாமல் எடுத்து வளர்க்கப்பட்ட உயிரணுக்களிலும் இருந்தது. தடுப்பூசியின் இந்திய வரலாறும் இதே குறையோடுதான் தொடங்கியது. 2009இல் கம்மம் மாவட்டத்தில் நடந்த திட்டத்தில் விடுதிச் சிறுமியர் பலருக்குப் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்களே ஒப்பமிட்டிருந்தனர். நேர்ந்த மரணங்களுக்கு ஊசி காரணமென்று விசாரணையில் நிறுவப்படவில்லை. ஆனால் கேட்காமல் செய்ததால் எழுந்த அச்சம் நல்லதொரு மருந்தின் மீது நெடுநாள் படிந்திருந்தது. 14 வயதுச் சிறுமியருக்கு இத்தடுப்பூசியைப் படிப்படியாக வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025–26 நிதிநிலை அறிக்கையில் 36 கோடி ரூபாய் ஒதுக்கி அறிவித்தது. ஊசியோடு விளக்கமும் செல்ல வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

*

சித்தியின் அறிக்கையில் இருந்தது இவ்வளவே: நாட்பட்ட அழற்சி, செதிற்படல மெட்டாபிளாசியா, டிஸ்பிளாசியா இல்லை. அழற்சிக்கு மருந்து போதும். மருத்துவர் குறிப்பிடும் காலத்தில் மீண்டும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஒருவேளை சி.ஐ.என். 1 என்று இருந்திருந்தாலும் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானே மறைந்துவிடும், கண்காணித்தால் போதும். 2, 3 என்றால் உறையவைத்தோ சூட்டால் பொசுக்கியோ சிறு பகுதியை வெட்டியெடுத்தோ குணப்படுத்தலாம். அப்போதும் கருப்பையை அகற்றுவது முதல் தீர்வன்று. படிகள் இருக்கின்றன என்பதும், ஒவ்வொரு படியிலும் அவகாசம் இருக்கிறது என்பதுமே அந்தப் பெண்கள் எல்லோரும் நமக்கு விட்டுச்சென்ற அறிவு.

இதையெல்லாம் எங்களால் இயன்ற தமிழில் சித்தியிடம் சொன்னோம். ஆக்லாந்தையும் தில்லியையும் பற்றிக்கூடச் சொன்னோம். அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தாள்களை மடித்து உறைக்குள் வைத்தபடி, "இத அங்கயே ரெண்டு வார்த்தை தமிழ்ல சொல்லியிருந்தா நான் பதினஞ்சு நாளு தூங்காம கெடந்திருக்க மாட்டேனே தம்பி" என்றார்.

எங்களிடம் அதற்குப் பதிலில்லை.